முற்றத்துப் பக்கம்: கோழி முட்டையிட அந்தரப்பட்டால்



மாதர் சங்கக் கூட்டங்களுக்குப் போகும் இடங்களில் அண்மைக் காலமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். காணி உறுதி பற்றியோ கடன் பற்றியோ அல்ல. கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது மெல்லப் பக்கத்தில் வந்து, "மிஸ், எங்கட கோழி கூட்டுக்க போய்ப் போய் இருக்குது, முக்குது, முட்டையைக் காணேல்லை. என்ன செய்யிறது?" என்கிறார்கள். போருக்குப் பின்னர் வாழ்வாதார உதவி என்ற பெயரில் நமது கிராமங்களுக்குக் கோழி கொடுத்த திட்டங்கள் பல. கூடு தந்தார்கள், குஞ்சு தந்தார்கள், தொடக்கத்துக்குத் தீனும் தந்தார்கள். கோழிக்கு வருத்தம் வந்தால் என்ன செய்வதென்று ஆறுதலாக இருந்து சொல்லித் தந்தவர்கள் குறைவு. ஆகவே இம்மாதம் இந்தப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன். நான் மிருக வைத்தியர் அல்ல. வைத்தியர்களிடம் கேட்டும், வாசித்தும், உங்கள் முற்றங்களில் நின்று பார்த்தும் அறிந்தவற்றையே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விடயத்தைச் சொல்லிவிட வேண்டும். கோழிக்கு முட்டை சிக்கினால், அல்லது தோல்முட்டை இட்டால், அதற்கு வளர்ப்பவளின் கைராசி காரணம் என்று கூறும் வழக்கம் நம்மிடையே உண்டு. கணவனை இழந்த பெண், கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண் என்றால் இந்தக் கதை இன்னும் வேகமாகப் பரவும். "அவளின்ர கைக்குக் கோழி வாய்க்காது" என்று வேலிக்கு அப்பால் இருந்து சொல்வதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். சேவல் இல்லாத வளவில்தான் முட்டை சிக்கும் என்பது இன்னொரு கதை. சேவல் இல்லாமலே கோழி முட்டையிடும். குஞ்சு பொரிப்பதற்கு மட்டுமே சேவல் தேவை. கைராசி என்று சொல்லப்படுகிற விடயம் பெரும்பாலும் சிப்பித்தூள், தண்ணீர், வெயில் என்ற மூன்றுக்குள் அடங்கிவிடுகிறது.

ஒரு முட்டை எப்படி உண்டாகிறது என்று பார்த்தால் இது விளங்கும். கோழியின் வயிற்றில் இடப்பக்கச் சூலகமும் இடப்பக்க முட்டைக்குழாயும் மாத்திரமே நன்றாக வளர்ந்து வேலை செய்கின்றன. சூலகத்திலிருந்து மஞ்சட்கரு கழன்று குழாய்க்குள் விழுகிறது. ஏறத்தாழ மூன்று மணித்தியாலம் அதைச் சுற்றி வெள்ளைக்கரு சேர்கிறது. பிறகு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் மெல்லிய சவ்வு வருகிறது. அதற்குப் பின்னர்தான் ஓடு கட்டும் வேலை. அதற்கு மாத்திரம் சுமார் 20 மணித்தியாலம் பிடிக்கும். எல்லாமாக ஒரு நாளும் சற்று மேலும். ஓடு கட்டும் நேரத்தின் பெரும்பகுதி இரவு. இரவில் கோழி எதையும் தின்பதில்லை. அப்படியானால் ஓட்டுக்கான கல்சியம் எங்கிருந்து வருகிறது? கோழி தன் எலும்புக்குள் சேமித்து வைத்திருப்பதிலிருந்து எடுக்கிறது. ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கல்சியம் உண்டு. பகலில் தீனில் அது திரும்பக் கிடைத்தால் எலும்பு மறுபடி நிரம்பும். கிடைக்காவிட்டாலும் கோழி உடனே நிறுத்திவிடாது. சில நாட்களுக்கு எலும்பைக் கரைத்துக் கரைத்து ஓடு கட்டிக்கொண்டே இருக்கும். கால் தளர்ந்து நிற்க முடியாமல் விழும் கோழிகள் சில இப்படி ஆனவைதான்.

கல்சியம் ஓட்டுக்கு மட்டும் தேவைப்படுவது அல்ல. முட்டையை வெளியே தள்ளும் தசைநார் சுருங்குவதற்கும் அதுவே வேண்டும். குறைந்தால் ஓடும் மெல்லியதாகும், தள்ளும் வலுவும் போய்விடும். வழுவழுப்பான கெட்டி ஓடு இலகுவில் வழுக்கி வரும். மெல்லிய தோல்முட்டையை அழுத்தினால் நசிகிறதே தவிர நகராது. அதனால் பெரிய முட்டை மட்டுமல்ல, தோல்முட்டையும் சிக்கும்.

நமது நாட்டின் தேசியப் பறவையான காட்டுக்கோழி ஒரு தடவைக்கு 2 முதல் 4 முட்டைதான் இடும். திட்டங்களில் தரும் லேயர் கோழியோ நன்றாகப் பராமரித்தால் வருடத்துக்கு 300 முட்டை அளவுக்கு இடக்கூடியது. அவ்வளவு வேலை வாங்கும் உடம்புக்கு வெறும் சோறும் தவிடும் போதுமா என்பதை யோசித்துப் பாருங்கள்.

முட்டை இல்லை என்றவுடன் நோய் என்று முடிவு கட்டவும் வேண்டாம். கோழி ஒளித்து இடும். வேலிக் கரையிலும் விறகுக் குவியலுக்குப் பின்னாலும் ஒரு தரம் பாருங்கள். காகமும் கீரியும் எடுத்திருக்கலாம். இறகு உதிர்க்கும் காலத்தில் முட்டை நின்றுவிடும், அது இயல்பு. அடைக்கு இருக்கும் கோழியும் கூட்டை விட்டு எழும்பாது, ஆனால் நீங்கள் கையை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். வருத்தக் கோழி கொத்தாது, தூக்கினால் பேசாமல் இருக்கும். இன்னொரு வழி, பின்துவாரத்துக்குக் கீழே இருபக்கமும் கைக்குத் தட்டுப்படும் இரண்டு எலும்புகளின் இடைவெளியைப் பார்ப்பது. இரண்டு மூன்று விரல் நுழைந்தால் அது முட்டையிட்டுக்கொண்டிருக்கும் கோழி. ஒரு விரல்தான் நுழையும் என்றால் இப்போது இடும் நிலையில் இல்லை.

முட்டை சிக்கிய கோழியின் தோற்றம் வேறு. மற்றக் கோழிகளை விட்டு ஒதுங்கி நிற்கும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு வாலைத் தாழ்த்தி, உடம்பை நிமிர்த்தி ஒரு மாதிரியாக நடக்கும். வால் மேலும் கீழும் ஆடும். முக்கும். பின்துவாரம் விரிந்து சுருங்குவது தெரியும். எச்சம் தண்ணியாக வரும், அல்லது வராது. தின்னாது. இதைக் கண்டால் நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கக்கூடாது. ஒரு நாள், இரண்டு நாளுக்குள் கோழி செத்துப்போகலாம்.

முல்லைத்தீவு மாவட்டத்தில் நான் அடிக்கடி போகும் ஒரு வீடு இருக்கிறது. ஐம்பது வயது தாண்டிய அம்மா. 2011 இல் மீளக்குடியேறியவர். மகள் வவுனியாவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். மகள் குஞ்சிலிருந்து வளர்த்த ஒரு செவலைக் கோழி அங்கே நிற்கிறது. மூன்று வயது இருக்கும். விற்பதற்கான கோழி அல்ல. மகள் தொலைபேசி எடுத்தால் முதலில் அதைத்தான் விசாரிப்பாளாம். போன ஆவணி மாதம் கடும் வெயிலில் நான் போனபோது கோழி தாவார ஓரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

"நேற்றுப் பின்னேரம் தொடக்கம் இப்பிடித்தான் பிள்ளை. தம்பி சொல்லுறான், சாக முதல் அறுத்துக் கறி வையுங்கோ எண்டு. பக்கத்து வீட்டில என்ர கைராசிதான் எண்டு கதைக்கினம்."

"அம்மாவுக்கு என்ன செய்ய விருப்பம்?" என்றேன்.

"எனக்கு அதைக் காப்பாத்த விருப்பம்" என்றார், கொஞ்சம் வெட்கப்பட்டவர் போல. ஒரு கோழிக்காக மெனக்கெடுவதை யாரும் பார்த்துச் சிரிப்பார்கள் என்ற வெட்கம்.

வயிற்றின் பின்பக்கம் மெதுவாகத் தொட்டுப் பார்த்தோம். முட்டை ஒன்று தட்டுப்பட்டது. கால்நடை வைத்திய அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டோம். வைத்தியர் வெளியே களப்பணிக்குப் போயிருந்தார், மறுநாள் காலை கொண்டுவரச் சொன்னார்கள். அதுவரை வீட்டில் செய்யக்கூடியவற்றைச் செய்தோம். நீங்களும் இவற்றைச் செய்யலாம்.

ஒரு வாளியில் அல்லது பேசினில் இளஞ்சூடான தண்ணீர் எடுங்கள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு, முழங்கையை விட்டுப் பார்த்தால் தெரியும். கோழியின் வயிறும் பின்பக்கமும் அமிழும்படி 15 தொடக்கம் 20 நிமிடம் வைத்திருங்கள். முதலில் அடித்துக்கொள்ளும், பிறகு தானாகவே அடங்கும். சூடு தசையைத் தளர்த்துகிறது. தண்ணீர் ஆறினால் மாற்றுங்கள். எடுத்துத் துணியால் ஈரம் ஒற்றி, பின்துவாரத்தைச் சுற்றிச் சுத்தமான தேங்காயெண்ணெய் பூசுங்கள். பின்னர் ஓர் அட்டைப்பெட்டியில் அல்லது கடகத்தில் வைக்கோல் போட்டு, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் தனியே விடுங்கள். குடிக்கத் தண்ணீர் வையுங்கள். நின்று நின்று எட்டிப் பார்க்காதீர்கள். கோழி ஆறுதலாக இருந்தால்தான் முட்டை இறங்கும். இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் ஒரு தடவை தண்ணீரில் வைக்கலாம்.

அந்தச் செவலைக்கு முதல் தடவையில் ஒன்றும் நடக்கவில்லை. பின்னேரம் இரண்டாம் தடவை வைத்தோம். நான் கடைசி பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். மறுநாள் விடிய அம்மா தொலைபேசியில், "இட்டிட்டுது பிள்ளை! ஓடில்லாமல், பலூன் மாதிரி" என்றார். இட்டுவிட்டதே என்று விட்டுவிடாமல் கோழியை வைத்தியரிடம் கொண்டுபோனார். அதுதான் சரி. முட்டை வந்த பிறகும் குறைபாடு அப்படியே இருக்கும், நாளைக்கு இன்னொன்று சிக்கும்.

செய்யக்கூடாதவற்றையும் சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் முட்டையைக் குத்தி உடைக்காதீர்கள். உடைந்த ஓடு குழாயை வெட்டும், கிருமி தொற்றும், பெரும்பாலும் கோழி தப்பாது. வயிற்றை அமுக்கிப் பிதுக்கவும் வேண்டாம். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துப் பருக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது வாயையும் தொண்டையையும் பொசுக்கிவிடும். கிளினிக்கில் கர்ப்பிணித் தாய்மாருக்குத் தரும் கல்சியம் குளிசையைக் கோழிக்குப் போடலாமா என்று ஒரு தங்கச்சி கேட்டார். அந்தக் குளிசை உங்களுக்குத் தந்தது. உங்கள் எலும்பும் பிள்ளைக்காகக் கரைந்துகொண்டிருக்கும் நேரம் அது, நீங்களே குடியுங்கள். கோழிக்கு வேண்டியதை மிருக வைத்தியரிடம் கேட்டு வாங்கலாம். கல்சியம் ஊசியும், முட்டைக்குழாயைச் சுருங்கச் செய்யும் ஊசியும் அவர் பார்த்துத்தான் போட வேண்டும். முட்டை வழியில் இறுகியிருக்கும்போது சுருங்கும் ஊசி போட்டால் குழாய் கிழிந்துபோகவும் கூடும்.

செவலைக்கு ஏன் இப்படி ஆனது என்பதை அந்த அம்மாவும் நானும் இருந்து யோசித்தோம். 2022 இல் விலைகள் ஏறியபோது லேயர் தீன் வாங்குவதை அவர் நிறுத்தியிருந்தார். அதற்குப் பின் தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் மிச்சச் சோறும்தான். தவிட்டில் கல்சியம் மிகக் குறைவு, அதில் உள்ள பொஸ்பரஸ் கிடைக்கிற கல்சியத்தையும் உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதோடு ஆவணி வெயில். வெக்கையில் கோழி வாயைத் திறந்து இளைக்கும்போது இரத்தத்தின் தன்மை மாறி ஓடு மெல்லியதாகிறது. தண்ணீரும் பற்றாக்குறை. கிணறு வற்றி, காலையில் வைத்த தண்ணீர் மத்தியானத்தோடு முடிந்துவிடும். முட்டைக்குள் இருப்பதில் முக்கால் பங்கு தண்ணீர். ஒரு நாள் தண்ணீர் இல்லாமல் விட்டாலே முட்டை குறையும்.

இதில் எங்கே கைராசி?

கதைத்துக்கொண்டிருந்தபோது அம்மா இன்னொன்று சொன்னார். 2009 இல் ஷெல்லடிக்குள் இடம் மாறி மாறிப் போனபோது கூடவே கொண்டுபோன இரண்டு கோழிகளும் முட்டையிடுவதை நிறுத்திவிட்டனவாம். "எங்களுக்கும் அப்பிடித்தானே பிள்ளை, மாசம் மாசம் வாறது நிண்டு போச்சு. கன பேருக்கு." பயமும் பட்டினியும் உடம்பை அப்படி நிறுத்தி வைக்கும் என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட விடயம். கோழியிலும் அதே. பயந்தால் முட்டையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிறகு இடும்போது ஓடு கோணலாக, பொருக்காக வரும். நாய் துரத்துவது, கோயில் திருவிழா வெடிச்சத்தம், கூட்டை இடம் மாற்றுவது, இவையும் போதும்.

தீன் விடயத்தில் கையில் காசில்லாமலும் செய்யக்கூடியவை உண்டு. கடலோரத்திலும் களப்புக் கரையிலும் இருப்பவர்களுக்குச் சிப்பி, மட்டி ஓடு தாராளம். கழுவி, வெயிலில் காயவைத்து, உரலில் இடித்துக் குறுணல் அளவாக்கி ஒரு சிரட்டையில் தனியாக வையுங்கள். தீனோடு கலக்கத் தேவையில்லை. வேண்டிய கோழி வேண்டிய அளவு தானே தின்னும். மிக நுணுக்கமான தூளை விடச் சிறு துண்டுகள் நல்லவை, வயிற்றில் தங்கி இரவு முழுவதும் மெல்லக் கரையும். உள்ளூரில் இருப்பவர்கள் முட்டைக் கோதுகளைச் சேர்த்து, சட்டியில் நன்றாக வறுத்து, நொறுக்கிப் போடலாம். முட்டை என்று தெரியாத அளவுக்கு நொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் கோழி தன் முட்டையையே கொத்திக் குடிக்கப் பழகிவிடும். முருங்கையிலையும் அகத்தியிலையும் கட்டித் தொங்கவிடுங்கள். கருவாட்டுத் தலை போடுபவர்கள் உப்பைக் கழுவிப் போடுங்கள், உப்புக் கூடினால் கோழிக்கு ஆபத்து. சோறும் தேங்காயும் கண்டபடி போட்டுக் கொழுத்த கோழிக்கும் முட்டை சிக்கும். கம்பிக்கூட்டில் அடைத்தே வைத்திருப்பவர்கள் தினமும் கொஞ்ச நேரமாவது வெயில் படத் திறந்து விடுங்கள். வெயில் பட்டால்தான் கோழியின் உடம்பில் விற்றமின் டி உண்டாகும், அது இல்லாமல் தின்ற கல்சியம் உடம்பில் சேராது. கடும் வெக்கையில் நிழலும் இரண்டு மூன்று தடவை மாற்றிய குளிர்ந்த தண்ணீரும் வேண்டும்.

சில வேளை முக்கி முக்கிக் குடல்போலச் சிவந்த தசை வெளியே தள்ளிவிடும். உடனே மற்றக் கோழிகளிடமிருந்து பிரியுங்கள், சிவப்பைக் கண்டால் கொத்திக் கொன்றுவிடும். சுத்தமான தண்ணீரால் கழுவி, வீக்கமிருந்தால் சீனிக் கரைசலில் நனைத்த துணியைச் சிறிது நேரம் வைத்து, எண்ணெய் பூசிய சுத்தமான விரலால் மெதுவாக உள்ளே தள்ளி, இருட்டில் வையுங்கள். திரும்பத் திரும்பத் தள்ளினால் வைத்தியரிடம்தான் போக வேண்டும். அதுபோல, வயிறு பெருத்து, தண்ணீர்ப்பை போலத் தொங்கினால் முட்டைக் கரு வயிற்றுக்குள் விழுந்து அழுகியிருக்கலாம். அதற்குச் சுடுதண்ணீர் உதவாது.

ஒரு கோழி அல்ல, வளவில் நிற்கும் பல கோழிகள் ஒரேயடியாகத் தோல்முட்டையோ சுருங்கிய முட்டையோ இட்டு, மூக்கு ஒழுகி, இழுத்து இழுத்து மூச்சு விட்டால், அல்லது கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தால் இது வேறு. இராணிக்கெற் போன்ற தொற்றுநோயாக இருக்கலாம். அன்றைக்கே கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். அந்தக் கோழிகளை அயலில் விற்காதீர்கள்.

செலவுக் கணக்கையும் மறைக்காமல் பேசுவோம். வைத்தியரிடம் கொண்டுபோக ஓட்டோவுக்குக் கொடுக்கும் காசு சில இடங்களில் கோழியின் விலையை எட்டிவிடும். அதனால்தான் தம்பிமாரும் மச்சான்மாரும் அறுக்கச் சொல்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் முடிவு எடுக்க வேண்டியவர் கோழியை வளர்த்தவர். விடியக் கூடு திறந்தவரும் தண்ணீர் சுமந்தவரும் அவர்தானே. ஒரு வாழ்வாதாரத் திட்டத்தின் படிவத்தில் கோழிகளுக்கு மூன்று நிரல்கள் பார்த்தேன்: முட்டையிடுவது, விற்றது, இறந்தது. வருத்தமாக நிற்கும் கோழிக்கும், வயது போய் முட்டை விட்ட கோழிக்கும், மகளுக்காக வைத்திருக்கும் கோழிக்கும் அதில் இடமில்லை. படிவம் நிரப்ப வருபவரிடம் "இது விற்பனைக்கு இல்லை, வீட்டுக் கோழி" என்று தயங்காமல் சொல்லலாம். அதற்காக உங்கள் உதவியை வெட்டுவோம் என்றால் மாதர் சங்கத்தில் கதையுங்கள்.

அதேநேரம், ஒரு கோழி நாட்கணக்காகத் தின்னாமல், நிற்க முடியாமல், மூச்சுக்கு அந்தரப்பட்டுக்கொண்டிருந்தால், வைத்தியரும் கைவிட்டால், அதன் வேதனையை நீட்டாமல் முடித்துவிடுவது பாவமல்ல என்பது என் எண்ணம். நோய்பட்ட கோழியைக் கறிவைக்காமல் ஆழமாகத் தாழ்த்துவிடுங்கள்.

செவலை இப்போது கிழமைக்கு இரண்டு, மூன்று முட்டை இடுகிறது. சிரட்டையில் சிப்பித்தூள் எப்போதும் இருக்கிறது.

வைத்தியரிடம் போகும்போது கோழியைக் காலில் கட்டித் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், முட்டை உள்ளே இருந்தால் உடையும். காற்றோட்டமுள்ள பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள். கடைசியாக இட்ட முட்டை எப்போது, எச்சம் எப்படி, என்ன தீன், வீட்டில் வேறு கோழிகள் எப்படி என்று கேட்பார், யோசித்து வையுங்கள். மருந்து தந்தால், எத்தனை நாளைக்கு அந்தக் கோழியின் முட்டையைச் சாப்பிடவோ விற்கவோ கூடாது என்று கேட்காமல் வர வேண்டாம். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து முட்டைக்குள்ளும் வரும். அந்த நாட்களில் இடும் முட்டைகளைப் பிள்ளைகளின் கையில் படாமல் எடுத்துத் தாழ்த்துவிடுங்கள்.